ஓடையில் எத்தனை கல் விழுந்தது

எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம்மை இனிமேல் மிரட்ட யாரும் இல்லை. முட்டிவலி ஒன்றுதான் மிரட்டுகிறது. அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். போன மாதம் திருப்பதியில் எனக்கு ஓர் அதிர்ச்சி. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. டாக்டர் ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டிவிட்டார். அவர் என் பேரன் வயசுப் பையன். அவரிடம் இந்தக் கதையை எங்கே ஆரம்பிப்பது? என் வயசுக்காரர்கள் உங்களிடம் என்றால் சுலபம். அந்தக் காலத்தில் நீங்களும் இருந்தீர்கள்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். புத்தூர், நகரி பக்கம் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். நாம் எந்தப் பக்கம், மதராஸா ஆந்திராவா? எல்லையைப் பிரிக்கப் பெரிய மனுஷர்கள் வரப்போகிறார்கள், மனு எழுது, ரேகை வை என்று ஊரே அமளி. எங்கள் ஊரில் தமிழ்தான் அதிகம். ஓடையைத் தாண்டினால் அடுத்த ஊர், அங்கே தெலுங்கு. வருஷத்தில் பத்து மாதம் ஓடையில் மணல்தான் ஓடும். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்து வாங்குகிற பழக்கம் இல்லை, ஆனாலும் கன்றுக்குட்டி காணாமல் போனால் சேர்ந்து தேடுவார்கள்.

ஓடைக்கரைப் புளியமரம், பனை, ஏரி மீன் எல்லாம் இரண்டு ஊருக்கும் சரிபாதி. புளியை உலுக்கி இரண்டு குவியலாக வைத்துவிட்டு ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றைத் தொடச் சொல்வார்கள். பிள்ளை தொட்டது அந்தப் பிள்ளையின் ஊருக்கு, மற்றது அடுத்த ஊருக்கு. பிள்ளை கை பட்ட பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயசு. இரண்டு முறை நான்தான் தொட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

என் அம்மாவுக்கு ஒரே தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்கள் ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். ஏரிக்கரை சர்க்கார் பங்களாவின் பின்பக்கம் மழை அளக்கிற டப்பா ஒன்று பதித்து வைத்திருந்தார்கள். தினம் காலை எட்டு மணிக்குப் போய், அதில் இருக்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் எழுதி, சித்தூர் ஆபீசுக்குக் கார்டு போட வேண்டும். அதுதான் அவர் வேலை. அதுவும் டெம்பரரி. ஊரில் அவருக்குப் பெயர் மழைடப்பா. மழையே இல்லாத சித்திரை மாதத்திலும் தவறாமல் போய், குனிந்து பார்த்து, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருவார்.

“வானத்துல ஒரு மேகம் கெடியாது. இல்லன்னு எழுதறதுக்கு அங்க இன்னாத்துக்குப் போற? ஊட்லயே குந்திக்கினு எழுதேன்” என்று என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, சீண்டுவார்.

“போய்ப் பாக்காம இல்லன்னு எழுதக் கூடாது” என்பார் மாமா. அவ்வளவுதான், சிரிக்கக்கூட மாட்டார். எனக்கே அப்போது அவரைப் பார்த்தால் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் தோன்றும்.

மாசி மாதம், உச்சி வெயில். நான் ஓடை மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று வானத்தில் மூன்று வெடி. கல்குவாரியில் மருந்து வைப்பார்களே, அந்தச் சத்தம் தலைக்கு மேலே கேட்டால் எப்படி இருக்கும்? அதன் பிறகு முழுப் புடவையை ஒரே இழுப்பில் கிழிப்பது போல ஒரு சத்தம், என்னை நோக்கியே வந்தது. பத்தடி தூரத்தில் தொப்பென்று எதுவோ விழுந்து, மணல் எழும்பி என் வாய், கண், மூக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மணலில் ஒரு குழி. குடம் உருண்டு கிடந்தது. நான் பாவாடையை நனைத்திருந்தேன். இத்தனை வயசில் அதைச் சொல்ல என்ன வெட்கம்?

இரண்டு கரையிலிருந்தும் ஜனம் ஓடி வந்தது. யாரும் குழிக்குக் கிட்டே வரவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்த மாமா மண்டி போட்டு மணலை விலக்கினார். உள்ளே பறங்கிக்காய் அளவில் ஒரு கரிய கல். அடிப்பிடித்த சோற்றுப்பானையின் புறத்தைப் போல இருந்தது. மேலெல்லாம் மாவில் விரலால் அழுத்திய மாதிரி சின்னச் சின்னக் குழிவுகள்.

“தொடாதடா, சுட்டுடப் போவுது!” என்று அம்மா அலறினாள்.

மாமா கையை வைத்தார். கையை எடுக்கவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த திகைப்பை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. “அக்கா, இது ஜில்லுன்னு கீது” என்றார்.

அந்த வெயிலில் மணல் காலைச் சுட்டது. வானத்திலிருந்து விழுந்த கல் மட்டும் குளிர்ந்திருந்தது. நானும் தொட்டேன். தொட்ட கையைப் பாவாடையில் துடைத்தேன். பயம்தான்.

அன்றைக்கே மாமா மழை நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சத்தம் கேட்டவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து விசாரித்தார். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்கக் கூடாது என்று கண்டிப்பு. ஒரு குச்சியை விட்டுக் குழியின் ஆழத்தை அளந்தார். வெல்லம் நிறுக்கிற தராசில் கல்லை நிறுத்தார். கடைசியில் என்னிடம் வந்தார். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

“எத்தினி உழுந்துச்சு பாப்பா?”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா? நல்லா யோசிச்சு சொல்லு.”

“ஒண்ணுதான் மாமா. என் கண்ணுல மண்ணு அடிச்சுது இல்ல, அதுதான்.”

என் பெயரை எழுதி, பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதினார். இங்கிலீஷில் அறிக்கை எழுதி, கல்லைப் பற்றி ஆராய்கிற கல்கத்தா ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

பதில் வருவதற்குள் மாமா சும்மா இருக்கவில்லை. சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டி, வைக்கோலுக்கு நடுவே கல்லை வைத்து, சந்தை சந்தையாகக் கிளம்பிவிட்டார். புத்தூர், கார்வேட்டிநகரம், வெதுருகுப்பம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் முன்பாரில் நான். லாட வடிவத்தில் சிவப்புச் சாயம் அடித்த காந்தம் ஒன்று அவரிடம் இருந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லுக்குக் கிட்டே கொண்டுபோவார். காந்தம் சட்டென்று கல்லோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டம் “ஹா” என்று ஓரடி பின்வாங்கும். அதைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, சலிக்காமல் சொல்வார்: இது சாமி இல்லை, பிசாசு இல்லை, பூமி உண்டான காலத்திலிருந்து ஆகாசத்தில் சுற்றிக்கொண்டிருந்த கல், இதில் இரும்பு இருக்கிறது, எல்லோரும் தொட்டுப் பாருங்கள். தட்டு நீட்ட மாட்டார். காசு போட வந்தவர்களைத் திட்டினார். ஒருத்தி கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டாள். அதை நான்தான் ஈரத் துணியால் துடைத்தேன். தொட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தோடு போனார்கள், தூக்கத்தில் தட்டி எழுப்பியவர்களைப் போல.

கார்வேட்டிநகரம் சந்தையில் ஒரு மாட்டுத் தரகர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “இதி மதராஸு ராயா, ஆந்திரா ராயா?” மதராஸ் கல்லா, ஆந்திராக் கல்லா என்று. கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்காமல் பதில் சொன்னார். “எந்த ஊர்ல உழுந்துச்சோ அந்த ஊரு பேருதான் கல்லுக்கு. உலகம் பூரா அந்தப் பேர்லதான் எழுதுவாங்க.”

அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த வருஷத்தில் எங்கள் ஜில்லாவில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நாங்கள் சைக்கிளில் வீடு திரும்புவதற்குள் பேச்சு இரண்டு ஊருக்கும் போய்விட்டது. கல் எந்த ஊர்ப் பெயரில் பதிவாகிறதோ, அதை வைத்துத்தான் எல்லைக்கோடு போடப் போகிறார்களாம். டில்லியில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம்! படித்த மனுஷர்களே நம்பினார்கள். ஊருக்குத் தலைவர் மாதிரி இருந்த எங்கள் கிராம முன்சீப் நம்பினார். அடுத்த ஊர் முன்சீபும் நம்பினார். கல் விழுந்ததோ ஓடை நடுவில், இரண்டு ஊருக்கும் பொதுவான புறம்போக்கில்.

அதற்குள் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. அறிக்கை மிக ஒழுங்காக இருக்கிறது, ஆபீசர் நேரில் வருகிறார், கல்லோடு உங்களையும் பார்க்க வேண்டும், இப்படி எழுதத் தெரிந்த ஆளுக்கு ஆபீசில் இடம் இருக்கிறது. மாமா அதை அம்மாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினார். பர்மனென்ட் வேலை. கல்கத்தா! அம்மா தம்பியின் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்தாள். ஆபீசரின் வருகைக்கு பங்களாவை ஒழித்து வைக்க உத்தரவு வாங்க மாமா சித்தூருக்கு பஸ் ஏறினார்.

அவர் போன அன்று இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஓடையில் கூடினார்கள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். புளி, பனை, மீனுக்கு எது நியாயமோ அதுவே கல்லுக்கும் நியாயம் என்று முடிவு செய்தார்கள். சரிபாதி. ஆளுக்கு ஒரு கல், ஊருக்கு ஒரு பெயர், எந்த ஊருக்கும் வருத்தம் இல்லை. குவாரியில் கல் உடைக்கிறவரைக் கூட்டி வந்தார்கள். கல் உருளாமல் இருக்க ஒருத்தர் சாக்கை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். என் நைனா பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது அடியில் பிளந்தது. நான் முன்வரிசையில் நின்றேன். மேலே கரியாக இருந்த கல்லுக்கு உள்ளே சாம்பல் நிறம், அதில் வெள்ளிப் பொடி தூவியது போல மினுக்கு. கல் உடைக்கிறவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். எங்கள் முன்சீப் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பாத்தவ இவதான? இவளே தொடட்டும்.”

நான் போய்த் தொட்டேன். குழிவு அதிகம் இருந்த பாதியைத் தொட்டேன், அழகாக இருக்கிறதென்று. இரண்டு ஊரும் கை தட்டியது.

மறுநாள் காலை, பஸ் ரோட்டில் விட்டுப் போயிருந்த சைக்கிளில் மாமா வந்தார். வீட்டு வாசலில் ஒரு பாதி சாக்கின் மேல் கிடந்தது. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, கை விட்டார், அது சரிந்து விழுந்தது. குனிந்து வெட்டுப்பட்ட முகத்தைத் தடவினார். எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆம்பிளை அப்படி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“யாரு செஞ்சது?”

நைனா விஷயத்தைச் சொன்னார். நல்லது செய்துவிட்டோம் என்கிற குரலில்தான் சொன்னார்.

மாமாவுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்து பார்த்தேன். “இது கவர்மெண்ட்டு கல்லு! வானத்துலருந்து உழுந்தா அது சர்க்கார் சொத்து. ஒடைச்சவனுக்கு ஜெயில்தான், தெரியுமா உங்களுக்கு?” என்று கத்தினார். ஜெயில் என்று எங்கே எழுதியிருந்ததோ எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆற்றாமையில் வந்த சொல். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரும் நடுங்கியது. கல்லைப் பிடித்த என் நைனா சாயங்காலம் வரை கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

ஆபீசர் வர இரண்டு நாள் இருந்தது. முன்சீப் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை மடியில் உட்கார வைத்து, பொட்டுக்கடலை கொடுத்துச் சொன்னார். “தொர கேட்டா ரெண்டு கல்லு உழுந்துச்சுன்னு சொல்லணும், இன்னா? ஒண்ணு இந்தாண்ட, ஒண்ணு அந்தாண்ட. ஒண்ணுன்னு சொன்னியோ, உங்க நைனாவ வெலங்கு போட்டு இட்டுக்கினு போயிடுவாங்க.” நைனா பக்கத்தில் நின்றார். என்னையே பார்த்தார்.

அம்மா விளக்கெண்ணெய் விளக்கின் புகையைச் சட்டியில் பிடித்து எனக்குக் கண்மை செய்வாள். அந்த மையைக் குழைத்து இரண்டு பாதியின் வெட்டு முகத்திலும் பூசினாள். யார் சொல்லிச் செய்தாள் என்று தெரியாது. பூசி முடித்துவிட்டு அதே விரலால் எனக்கும் கண்ணில் இட்டுவிட்டாள்.

ஆபீசர் வந்த காலையில் அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவர ஜெயிலுக்கு அனுப்பிடாதடா தம்பி.”

“நான் பொய் சொல்ல மாட்டேன் அக்கா” என்றார் மாமா. “ஆனா நான் உழுந்தத பாக்கல. பாத்தவளக் கேளுங்கன்னு சொல்றேன். அவ இன்னா சொல்றாளோ அதான்.”

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பெரியவர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை ஒன்பது வயசுப் பிள்ளையின் தலையில் வைத்தார்கள். முன்சீப் வைத்தார், நைனா வைத்தார், மாமாவும்தான் வைத்தார். புளிக் குவியலைத் தொடச் சொல்கிற மாதிரி நினைத்துவிட்டார்கள்.

ஜீப்பில் வந்த ஆபீசர் ஒல்லியான வங்காளக்காரர். தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அவர் பேசியதை மாமாதான் எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். பங்களா வராந்தாவில் மேஜைமேல் இரண்டு பாதிகளையும் வைத்திருந்தார்கள். ஆபீசர் ஒரு கல்லைத் திருப்பினார். விரலில் மை ஒட்டியது. விரலை மோந்து பார்த்தார். மாமாவைப் பார்த்தார், கைகட்டி நின்ற இரண்டு ஊரையும் பார்த்தார். பிறகு மாமாவின் அறிக்கையை எடுத்து ஏதோ கேட்டார். மாமா என்னைக் காட்டினார். ஆபீசர் எனக்கு எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தார். என் முகத்துக்கு நேராக அவர் முகம் இருந்தது. மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தினி கல்லு உழுந்துச்சின்னு கேக்குறாரு பாப்பா” என்றார் மாமா.

நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். நான் அவர் கைகளைத்தான் பார்த்தேன்.

“ரெண்டு.”

அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர் என் மாமா ஒருத்தர்தான். நான் சொன்னதை அவர் எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ‘ஒன்று’ என்று சொல்லியிருந்தால் எங்களில் யாருக்குத் தெரியும்? கல்கத்தா வேலை அவர் நாக்கு நுனியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மழை டப்பாவுக்குள் குனிந்து பார்ப்பது போலப் பார்த்தார்.

“டூ, சார்” என்றார்.

அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆபீசர் எழுதிக்கொண்டார். இரண்டு பாதிகளையும் தனித்தனிச் சீட்டு ஒட்டி, தனித்தனியாகச் சுற்றி ஜீப்பில் ஏற்றினார். வேலையைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் சித்தூர் ஆபீசு மழை டப்பாவையும் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டது. விழுந்த கல்லையே ஒழுங்காக எண்ணத் தெரியாதவர் மழையை எப்படி எண்ணுவார் என்று கேட்டார்களாம். மாமா ஒரு துணிப்பையோடு திருப்பதிக்குப் போய்விட்டார். காந்தத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஓடை மணலில் கொண்டுபோய்ப் புதைத்தேன். பிறகு எத்தனையோ தடவை தோண்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள். தபால்காரர் நீளமான பழுப்புக் கவரோடு வந்தார். மாமா பெயருக்கு ரிஜிஸ்டர் தபால், மேலே சர்க்கார் முத்திரை. நைனா கழனியில் இருந்தார். முத்திரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“வாரண்டா?”

“எனக்கு எப்டிம்மா தெரியும்? ஒட்டியிருக்கு. உன் தம்பி எங்க?”

“எனக்குத் தம்பியே கெடியாது. அந்த மாதிரி ஆளு யாரும் இங்க இல்ல. வாங்க மாட்டோம், எடுத்துக்கினு போ.”

சர்க்கார் தபாலைக் கையால் தொட்டால் மாட்டிக்கொள்வோம், தொடாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. உங்கள் வீட்டிலும் அப்படி எத்தனை கவர் திரும்பிப் போயிருக்கும், யோசித்துப் பாருங்கள். தபால்காரர் சலித்துக்கொண்டார். அப்படியானால் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான்தான் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு, குண்டு குண்டாக எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். தபால்காரரின் சைக்கிள் மறைகிற வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். “என் தம்பிய காப்பாத்திட்ட” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெல்லப் பொங்கல். நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

அப்புறம் எல்லை பிரித்தார்கள். கோடு எங்கேயோ தெற்கே தள்ளிப் போனது. ஓடைக்கு இந்தப் பக்கமும் ஆந்திரா, அந்தப் பக்கமும் ஆந்திரா. எங்கள் கல்லைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமா திருப்பதியில் ஒரு சத்திரத்தில் அறை கொடுக்கிற நோட்டு எழுதிக்கொண்டு முப்பது வருஷம் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மழை பெய்தால் மாடியில் பித்தளை டம்ளரை வைத்துக் குச்சியால் அளப்பார் என்று சத்திரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு முறை, எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, கேட்டுவிட்டேன். “எம்மேல கோவமா மாமா?”

“நீ இன்னா சொன்னியோ அதத்தான நான் சொன்னேன்” என்றார். “உம்மேல கோவப்பட அதுல இன்னா கீது? காப்பி குடிக்கிறியா?”

அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன மாதம் என் பேத்தி திருப்பதியில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விண்கற்களைப் பற்றியது, எல்லோரும் வரலாம், தொட்டும் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. தொட்டுப் பார்க்கலாம் என்றதும் மாமா ஞாபகம் வந்து, முட்டிவலியோடு கிளம்பினேன். விளக்கம் சொல்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். தெலுங்குப் பெண். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கரிய கற்கள், இடையில் ஒரு விரல் இடைவெளி. குழிவு அதிகம் இருந்த பாதியை நான் தூரத்திலிருந்தே கண்டுகொண்டேன். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். “இது ஒரே கல். ஊர்க்காரர்கள் இரண்டாக உடைத்துவிட்டார்கள். பார்த்த சாட்சி ஒரு சின்னப் பெண். ஆபீசர் கேட்டபோது இரண்டு விழுந்தது என்று பொய் சொல்லிவிட்டாள்.” பிள்ளைகள் சிரித்தார்கள். “ஆனால் கல் பொய் சொல்லாது. கல்கத்தாவில் அறுத்துப் பார்த்ததும் ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது.”

ஆறே மாதமா? ஆயுசு முழுக்க யாருக்கும் தெரியாது என்று நான் பொத்தி வைத்திருந்தது!

அவள் பக்கத்துப் பலகையைக் காட்டினாள். ஆபீசர் மாமாவுக்கு எழுதிய கடிதம், நகல் எடுத்துப் பெரிதாக ஒட்டியிருந்தது. இங்கிலீஷ். அவள் ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னாள். ‘உங்கள் முதல் அறிக்கைதான் சரி. உங்களுக்கு எதிரான பதிலை ஒரு வார்த்தை மாற்றாமல் என்னிடம் சொன்னீர்கள். அப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கு வேண்டும். வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது, உடனே புறப்பட்டு வரவும். ஊர்க்காரர்கள்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.’

“கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பி வந்துவிட்டது” என்றாள். கீழே ஒரு நீளமான பழுப்புக் கவர், பின்பக்கம் தெரியும்படி வைத்திருந்தது. “இதில் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது. எனக்குத் தமிழ் படிக்க வராது. இங்கே யாருக்காவது வருமா?”

என் பேத்திக்கும் வராது. தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள்தான் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். “எங்க அவ்வாவுக்கு வரும்!”

பிள்ளைகள் வழிவிட்டார்கள். கண்ணாடியை அணிந்துகொண்டேன். அணியாமலே தெரிந்தது. குண்டு குண்டான எழுத்து. ‘போய்ப் பாக்காம இல்லன்னு எழுதக் கூடாது’ என்று மாமா நைனாவிடம் சொன்னது காதில் விழுந்தது. மை மங்கிவிட்டது, புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எப்படி மாற்றிச் சொன்னாலும் யாருக்குத் தெரியும்?

முதலில் தமிழில் உரக்கப் படித்தேன். ‘இந்த வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. வாங்க மாட்டோம்.’ பிறகு அதையே ஒரு வார்த்தை மாற்றாமல் தெலுங்கில் சொன்னேன்.

“கீழே ஒரு பெயர் மாதிரி இருக்கிறதே, அது யாருடையது அவ்வா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“என்னுடையது” என்றேன்.